சம்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவே: ஒரு பிக்கப் நாட்குறிப்பு

ஜனவரி 6

பழைய முன் சஸ்பென்ஷனை இன்று முழுவதுமாக வெட்டி எடுத்தாயிற்று. வண்டி 1987 டயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், இடப்பக்க ஸ்டியரிங். பாறையில் ஏறுவதற்காக இதில் சாலிட் ஆக்சிலும் எட்டு சிலிண்டர் எஞ்சினும் வைக்கப் போகிறோம். 1985 வரை அமெரிக்கச் சந்தைக்கு வந்த நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸில் முன்னால் ஒரே துண்டான சாலிட் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. 1986 மாடலில் டயோட்டா அதை எடுத்துவிட்டு, இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பை, டார்ஷன் பாருடன் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) வைத்தது. நெடுஞ்சாலையில் அது நன்றாகவே ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் பாறையில் ஒரு சக்கரம் மேலே போகும்போது இன்னொன்று கீழே அழுந்த வேண்டும். சாலிட் ஆக்சில் அதை இயல்பாகவே செய்துவிடும். ஆக்சிலின் பற்சக்கரங்கள் அடங்கிய டிஃபரன்ஷியலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் அதில் ஸ்பிரிங் அழுந்துவதால் குறையாது.

சேசிஸில் பற்றவைத்திருந்த பிராக்கெட்டுகளை வெட்டும்போது அவசரப்படக் கூடாது. சேசிஸ் இரும்பைத் தொடாமல் சற்று வெளியே வெட்டி, மீதியைக் கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தோம். மாலைக்குள் தம்பி இரண்டு பக்கமும் வழவழப்பாக்கிவிட்டான். ஸ்டியரிங் பாக்ஸை மட்டும் கழற்றவில்லை. அதற்கு வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 19

ஆக்சில்கள் வந்து இறங்கின. முன்னால் போவது 1980களின் பிற்பகுதி ஃபோர்டு எஃப்-350இல் இருந்து எடுத்த டேனா 60 ஆக்சில், கிங்பின் வகை (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணிதான் கிங்பின்). பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) '14 போல்ட்' என்ற ஆக்சில். இரண்டிலும் எட்டு போல்ட் சக்கரம், போல்ட் வட்டம் 165.1 மி.மீ. அதனால் ஒரே ஸ்பேர் டயர் இரண்டுக்கும் பொருந்தும். காட்டுக்குள் போகிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

டேனா 60இன் கிரௌன் சக்கரம் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரம்) 9.75 அங்குலம், 14 போல்ட்டில் 10.5 அங்குலம். எட்டு சிலிண்டர் எஞ்சினின் முறுக்கு விசையை 37 அங்குல டயருக்குக் கொண்டுபோக இந்த அளவு வேண்டும். 14 போல்ட் முழு மிதவை அமைப்பு என்பதால் வண்டியின் எடையை ஹப் தாங்குகிறது. உள்ளிருக்கும் ஷாஃப்ட் சுழற்றுவதோடு சரி, உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. இந்த ஃபோர்டு டேனாவில் எனக்குப் பிடித்தது அதன் உயர் பினியன். கிரௌன் சக்கரத்தைச் சுழற்றும் சிறு பற்சக்கரம்தான் பினியன். பினியன் ஆக்சிலின் நடுக்கோட்டுக்கு மேலே உள்ளே நுழைவதால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பாறைக்கு எட்டாத உயரத்தில் ஓடும். முன்னோக்கிப் போகும்போது கிரௌன் சக்கரப் பற்களின் வலுவான பக்கமே விசையை வாங்கும். தாழ்ந்த பினியனை முன்னால் போட்டால் பலவீனமான பக்கம் மாட்டிக்கொள்ளும்.

விற்றவர் ஆக்சில் நேராக இருக்கிறது என்று உறுதி சொல்லியிருந்தார். ஷாஃப்டுகளை உருவிவிட்டு, உள்ளே நேரான கம்பியை விட்டுப் பார்த்ததில் வலப்பக்கக் குழாய் வளைந்திருந்தது. அழுத்தி நேராக்கினோம். யார் என்ன சொன்னாலும் கம்பி விட்டுப் பார்க்காமல் எந்த ஆக்சிலையும் வண்டிக்கு அடியில் ஏற்ற மாட்டேன்.

பிப்ரவரி 2

இந்தக் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இன்று.

முன் ஆக்சிலில் இரண்டு கோணங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். பினியன் மேல்நோக்கி டிரான்ஸ்ஃபர் கேஸை (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் அதிரும். கிங்பின் தன் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து நிற்க வேண்டும், அதுதான் காஸ்டர். காஸ்டர் போதாவிட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வேகத்தில் வண்டி அலையும். பினியனை மேலே தூக்கினால் கிங்பினின் தலை முன்னால் கவிழ்ந்து காஸ்டர் போய்விடும். ஆக்சிலை எப்படித் திருப்பினாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

தப்பிக்க ஒரே வழி, ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் 'சி' வடிவ வார்ப்புகளின் வெல்டிங்கை வெட்டி, குழாயின் மேல் அவற்றைத் தனியாகத் திருப்புவது. கிரைண்டரால் வெல்டிங்கை மட்டும் அரைத்தெடுக்க வேண்டும், குழாயில் பள்ளம் விழக் கூடாது. வெல்டிங் தீர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அது தெரிந்ததும் நிறுத்திவிட்டுப் பெரிய சுத்தியலை எடுக்கலாம். பினியன் 9 டிகிரி மேலே, காஸ்டர் 6 டிகிரி என்று முடிவு செய்து, கோணமானியை வைத்து இரண்டு பக்கமும் சரிபார்த்து, புள்ளி வெல்டிங் மட்டும் போட்டிருக்கிறேன். முழு வெல்டிங் எல்லாம் பொருந்திய பிறகுதான்.

இடப்பக்க ஸ்பிரிங் மேடை டிஃபரன்ஷியல் வார்ப்பின் மேலேயே வருகிறது, ஏனெனில் ஹைலக்ஸ் சேசிஸ் குறுகலானது. வார்ப்பிரும்பில் சாதாரண இரும்பைப் பற்றவைப்பது தனிக்கலை. முதலில் பரவலாகச் சூடேற்ற வேண்டும், நிக்கல் ராடு வேண்டும், சிறு சிறு துண்டாகப் போட்டு ஒவ்வொன்றையும் மெதுவாகத் தட்டிவிட வேண்டும். முடிந்ததும் வெப்பப் போர்வை சுற்றி ஓரிரவு அப்படியே விட வேண்டும். சட்டென்று ஆறினால் வெல்டிங்கின் ஓரமாக விரிசல் ஓடும்.

பிப்ரவரி 16

முன் ஆக்சிலுக்கான பட்டை ஸ்பிரிங் கட்டைப் பிரித்து, நீளமான தாய்ப்பட்டையை மட்டும் மாட்டியிருக்கிறோம். முழுக் கட்டோடு மாட்டினால் எஞ்சின் இல்லாத வண்டியில் அது அசையவே அசையாது. ஒற்றைப் பட்டை என்றால் ஜாக்கி வைத்து ஆக்சிலை உச்சிவரை தூக்கலாம், அடிவரை தொங்கவிடலாம்.

ஸ்பிரிங்கின் நிலையான முனை முன்னால், ஆடும் இணைப்பான ஷேக்கிள் பின்னால். சக்கரம் பாறையில் மோதும்போது ஆக்சில் மேலேயும் பின்னாலும் நகர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆக்சிலை உச்சிக்குத் தூக்கியபோது அது 20 மி.மீ. பின்னால் போனதை அளந்தேன். பின்னால் என்றால் எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் வரப்போகும் திசை.

தம்பி ஜாக்கியில் கை வைத்தபடியே கேட்டான்: "அண்ணா, இன்னும் நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இருக்காதே?"

இருக்காதுதான். ஆனால் உயரமான வண்டி பக்கச் சரிவில் கவிழும். ஈர்ப்பு மையம் ஏற ஏற, ஓட்டுகிறவன் துணிந்து போகக்கூடிய சரிவு குறையும். இந்த வண்டியில் உயரத்தை டயர்தான் தர வேண்டும், ஸ்பிரிங் தரக் கூடாது. சம்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கிடைக்கும் இடத்தைப் பங்குபோட்டுத்தான் மற்றதெல்லாம். எஞ்சினை முதலில் உட்காரவைத்துவிட்டு ஆக்சிலுக்கு இடம் தேடுகிறவர்களின் வண்டி எப்போதும் உயரமாகத்தான் முடிகிறது.

மார்ச் 1

எஞ்சின் உள்ளே போயிற்று. உண்மையான எஞ்சின் அல்ல, உள்ளே ஒன்றுமில்லாத பிளாக்கும் அதன் சம்பும் கியர் பாக்ஸ் கூடும். தூக்கித் தூக்கி வைத்துப் பார்க்க இதுதான் வசதி.

தேர்ந்தெடுத்தது ஜிஎம்மின் 5.3 லிட்டர் எல்எம்7, 1999 முதல் 2007 வரை அவர்களுடைய பிக்கப்புகளில் வந்தது. வண்டியோடு வந்த 22ஆர்இ 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர். கெடுதலே தெரியாத நல்ல எஞ்சின், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது தரும் முறுக்கு விசை ஏறக்குறைய 190 நியூட்டன் மீட்டர். எல்எம்7 அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தருகிறது. இன்னொரு காரணம் அகலம். இதில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட்டுகள் சிறியவை. ஹெட்டின் மேல் இரட்டைக் கேம் வைத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் இந்தக் குறுகிய சேசிஸுக்குள் இறங்குவது கடினம். பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது, ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில். அதனால் எஞ்சினை ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஒட்டித் தள்ள முடிந்தது.

பிக்கப் சம்பின் ஆழமான தொட்டி பின்பக்கம், முன்பக்கம் ஆழம் குறைவு. ஆக்சில் குழாய் அந்த ஆழமற்ற பகுதிக்குக் கீழே வரும்படி ஆக்சிலை முன்னால் தள்ளியிருக்கிறேன். டிஃபரன்ஷியல் இடப்பக்கம் பிளாக்கின் ஓரமாக ஏறுகிறது. இவற்றோடு ஸ்டியரிங் ஷாஃப்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சின் மவுண்டும் அதே பக்கம் இடம் கேட்கின்றன. ஸ்டார்ட்டர் வலப்பக்கம் இருப்பது மட்டும் அதிர்ஷ்டம்.

ஆக்சிலை உச்சிவரை தூக்கி, எஞ்சினைக் கிரேனில் தொங்கவிட்டு, சிறிது சிறிதாக இறக்கினோம். மேலேறும் ஆக்சிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் ஆக்சில் முட்டி நிற்கும்போது சம்புக்கு 25 மி.மீ. இடைவெளி. அங்கே நிறுத்தி மவுண்ட்டுகளைப் புள்ளி வெல்டிங் செய்தோம். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் உச்சிக்குத் தூக்கி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டோம். வலப்பக்கம் தொங்கும்போது டிஃபரன்ஷியலின் மேல்முனை மேனிஃபோல்டின் பக்கம் சாய்கிறது என்பதைத் தம்பிதான் படுத்துக்கொண்டு பார்த்துச் சொன்னான். மேனிஃபோல்டை மாற்றுகிறோம், எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மார்ச் 15

ஸ்டியரிங். கழற்றாமல் வைத்த பாக்ஸுக்கு இன்று வேலை.

1985 வரையிலான சாலிட் ஆக்சில் ஹைலக்ஸில் ஸ்டியரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க் முன்பின்னாக ஓடும். ஆக்சில் ஏறி இறங்கி முன்பின் நகரும்போதெல்லாம் அந்தத் தண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பிவிடும். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையில் இழுக்கும். 1986 முதல் வந்த பாக்ஸின் கை பக்கவாட்டில் வீசுகிறது. அதிலிருந்து டிராக் லிங்கைக் குறுக்காக வலப்பக்க நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதி) கொண்டுபோனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். டயோட்டா சாலிட் ஆக்சிலைக் கைவிட்ட மாடலின் பாக்ஸே சாலிட் ஆக்சிலுக்கு மிகச் சிறந்த பாக்ஸாக அமைந்துவிட்டது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கிங்பின் மூடியின் இடத்தில் உயர்ந்த ஸ்டியரிங் கைகளைப் பூட்டி, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடையும் டிராக் லிங்கையும் ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுவந்தாயிற்று. டிராக் லிங்க் ஏறக்குறையக் கிடைமட்டம். சாய்வு கூடினால் ஒவ்வொரு குலுக்கலிலும் சக்கரம் திரும்பும்.

மார்ச் 30

கியர் விகிதம் பற்றித் தம்பியோடு நீண்ட விவாதம். எஞ்சினோடு வருவது 4எல்60இ ஆட்டோமேடிக், முதல் கியர் 3.06. அதன் பின்னால் என்பி241 டிரான்ஸ்ஃபர் கேஸ், தாழ் விகிதம் 2.72. முன் ஷாஃப்ட் இடப்பக்கம் வெளியே வருகிறது, நம் டிஃபரன்ஷியலும் இடப்பக்கம்.

ஆக்சிலில் 4.88 போட்டால், மூன்றையும் பெருக்கி வரும் மொத்த விகிதம் 40.6. பழைய வண்டியில் முதல் கியர் 3.95, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.28, ஆக்சில் 4.10, மொத்தம் 36.9. காகிதத்தில் புதியது கூடுதலாகத் தெரிகிறது. டயரைக் கணக்கில் சேர்த்தால் கதை மாறும். பழைய டயரின் விட்டம் 28 அங்குலம், புதியது 37. விட்டத்தால் வகுத்துப் பார்த்தால் பழையது 1.32, புதியது 1.10 மட்டுமே. ஊர்ந்து இறங்கும்போது வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்த வேண்டும், ஆட்டோமேடிக்கில் அந்தப் பிடிப்பு ஏற்கெனவே குறைவு. எனவே 5.38. மொத்தம் 44.8. கடைசிக் கியர் 0.70 என்பதால் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2,150 சுற்றுகளில் ஓடும். இந்த எஞ்சினுக்கு அது சுகமான இடம்.

ஏப்ரல் 20

வயரிங். சுருக்கமாகவே எழுதுகிறேன், பொறுமையைத் தவிர இதில் சொல்ல அதிகமில்லை. கணினியில் திருட்டுத் தடுப்பை நீக்கியாயிற்று, வேண்டாத வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாயிற்று. எர்த் வயர்களைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் பூட்டியிருக்கிறேன். எரிபொருள் அழுத்தம் 58 பிஎஸ்ஐ, பம்ப் டாங்குக்குள்ளேயே. செங்குத்தான ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சாதபடி உள்ளே தடுப்புத் தகடு வைத்திருக்கிறோம்.

மே 11

உண்மையான எஞ்சின் ஓடுகிறது. முதலில் எரிபொருளைத் துண்டித்து, ஆயில் அழுத்தம் முள்ளில் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றினோம். பிறகு சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்துக்கொண்டது. தம்பி கத்திய கத்தலில் எஞ்சின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

புள்ளி வெல்டிங்குகள் எல்லாம் இப்போது முழு வெல்டிங். ஸ்பிரிங் கட்டு முழுதாக மாட்டி, முழு எடையில் மறுபடி அளந்தேன்: காஸ்டர் 6 டிகிரிக்குச் சற்றுக் கீழே, டோ இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) 3 மி.மீ.

மே 25

முதல் பாறைச் சரிவு. போவதற்கு முன் சம்பின் அடியில் கைதடிமனுக்குக் களிமண் அப்பினேன். ஓட்டம் முடிந்து திரும்பியதும் ஆக்சில் எவ்வளவு தூரம் நெருங்கியது என்பதைக் களிமண் சொல்லும். பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கும், எஞ்சினும் தன் மவுண்டில் ஆடும். பட்டறையில் ஜாக்கி வைத்து அளந்த 25 மி.மீ. அங்கே அப்படியே இருக்காது.

இடப்பக்க முன் சக்கரம் இடுப்பளவு பாறையில் ஏறியபோது வலது சக்கரம் தரையை விடவே இல்லை. வண்டியின் உடல் பக்கவாட்டில் சாய்ந்தது குறைவு, ஸ்டியரிங் கையில் இழுக்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தே ஆக வேண்டியிருந்தது. இன்னும் தாழ்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும் என்பது இப்போதே தெரிகிறது.

திரும்பி வந்து களிமண்ணை அளந்தோம். மிக மெலிந்த இடத்தில் 14 மி.மீ. மீதமிருந்தது. "நான்கு அங்குலம் உயர்த்தியிருக்கத் தேவையில்லைதான் அண்ணா" என்றான் தம்பி.

புது ஸ்பிரிங் கட்டு முதல் ஓட்டத்திலேயே படிந்துவிடும் என்பதால் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினோம், நான்குமே கால் சுற்று வாங்கின. பின் ஷாக் மேல்முனை சரக்குத் தொட்டியின் அடியை உரசுகிறது. நாளை அந்த பிராக்கெட்டை உள்பக்கம் நகர்த்துகிறோம்.