லேசர் மட்டமும் மாமாவின் தண்ணீர்க் குழாயும்

மட்டக்களப்புப் பக்கம் ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் நம்பி வெளிவேலை வைக்க முடியாது. போன வருடம் களுவாஞ்சிகுடியில் இரண்டு மாடி வீடொன்றைப் பொறுப்பெடுத்தபோது, மழைக்கு முன் அத்திவாரம் முடிய வேண்டும் என்ற அவசரம் இருந்தது. ஆட்கள் 14 பேர். தலைமை மேசன் என் மாமா. 30 வருடத்துக்கு மேல் இதே தொழில். ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களின் கொப்பிக் கணக்கைப் போனுக்கு மாற்றுவது, பிளானைப் போனில் பார்ப்பது, லேசர் மட்டம் வாங்குவது, மூன்றையும் அந்த வேலையில்தான் தொடங்கினோம்.

முதலில் அடி வாங்கியது பிளானில். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சின்ன எழுத்து மங்கிப்போக, மூலையிலிருந்து யன்னலுக்கு 3 அடி 8 அங்குலம் என்றிருந்ததை 3 அடி 3 அங்குலம் என்று வாசித்துக் கல் வைத்துவிட்டார்கள். நாலு வரி கழற்ற வேண்டி வந்தது. பிழை என்னுடையது என்பதால் அன்றைய கூலியை நானே கொடுத்தேன். அதற்குப் பிறகு பிளானை பிடிஎஃப் ஆக, ‘டொக்கியூமென்ட்’ என்ற வழியில் மட்டும் அனுப்புகிறேன். கோப்பின் பெயரிலேயே திகதி இருக்கும். பழையதை எல்லோரும் அழித்துவிட வேண்டும். ஒரு ஏ3 தாளும் பலகையில் ஒட்டித் தளத்தில் நிற்கும். போன் திரையில் டேப் வைத்து அளப்பதை அடியோடு நிறுத்தினோம். எழுதியிருக்கும் அளவுதான் அளவு.

பிறகு லேசர் மட்டம், சுவரில் சிவப்பு வெளிச்சக் கோடு போட்டு மட்டம் காட்டும் கருவி. மாமா இத்தனை காலமும் தெளிவான குழாயில் தண்ணீர் விட்டு, இரு முனையிலும் அது ஒரே உயரத்தில் நிற்பதை வைத்துத்தான் மட்டம் பார்த்தவர்.

“மருமகன், இந்த வெளிச்சத்த நம்பி நான் லிண்டல் போடவா?” என்றார். லிண்டல் என்பது கதவு, யன்னலுக்கு மேல் வரும் கொங்கிரீட் கட்டை.

“ரெண்டையும் வெச்சுப் பாப்பம், மாமா.”

விடியப்புறமே 30 அடி இடைவெளியில் இரண்டு தூண்களில் குறித்துப் பார்த்தோம். 11 மில்லிமீற்றர் வித்தியாசம். குழாயில் காற்றுக்குமிழி நிற்கிறது என்று நான் சொன்னேன். மாமா ஒன்றும் பேசாமல் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினார். அதே 11. சரி, கருவியைச் சோதிப்போம் என்று அதை இரண்டு தூணுக்கும் சரி நடுவில் வைத்து இரு பக்கமும் குறித்தோம். தூரம் சமமாக இருந்தால் கருவி பிழைத்திருந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவுதான் பிழைக்கும், ஆகவே அந்தக் குறிகள் ஒரே மட்டத்தில் இருக்கும். பின் ஒரு தூணுக்குக் கிட்டக் கொண்டுபோய் அந்தக் குறியோடு கோட்டைப் பொருத்தினோம். எதிர்த் தூணில் கோடு குறியை விட்டு நன்றாகவே விலகி விழுந்தது. 10 மீற்றருக்கு 3 மில்லிமீற்றர் வரை விலகலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. இது அதைவிட அதிகம். குழாய்தான் சரி. முந்திய கிழமை கருவி வான் வண்டியிலிருந்து விழுந்ததைப் பயத்தில் சொல்லாமல் இருந்த கையாள் பையன் அப்போதுதான் சொன்னான். அவனை யாரும் ஏசவில்லை. திருத்தி எடுத்துவந்த நாளிலிருந்து ஒவ்வொரு திங்களும் இந்தச் சோதனை நடக்கிறது.

எங்கள் வெயிலில் பத்து மணிக்குப் பிறகு சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. அதனால் வெளியே இன்றும் குழாய்தான். உள்ளே லேசர். முன்னர் நாலு அறைக்குத் தரைமட்டக் கோடு அடிக்க இரண்டு பேர் அரை நாள் நிற்பார்கள். மாமா தனியே ஒரு மணித்தியாலத்தில் முடித்தார்.

வரவுக் கணக்கு சுலபமாகவே மாறியது. கூகுள் ஷீட்டில் பெயர்களைத் தமிழிலேயே போட்டேன். எழுத விருப்பமில்லாதவர்கள் குரல் பதிவு போடலாம். ஏறாவூரிலிருந்து டைல் பதிக்க வரும் காக்கா (அண்ணன்), “தம்பி, இண்டைக்கு அரை நாள்” என்று பின்னேரம் அனுப்பிவிடுவார். சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் எல்லோருக்கும் கேட்க வாசிப்பேன். உழைத்தவனின் அரை நாளைக் கூட மறந்துபோகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மணலிலும் போன் உதவியது. 1 கியூப் என்றால் 100 கன அடி. ஒருமுறை 3 கியூப் என்று பில் வந்தது. லொறியில் மணல் நின்றதோ நீளம் 10 அடி, அகலம் 6.5, உயரம் 4, அதாவது 260 கன அடி. டேப்போடு படமெடுத்துக் காட்டியதும் குறைத்துக் கொண்டார்கள்.

வீடு இப்போது டைல் வேலையில் நிற்கிறது. வருகிற திங்கள் சோதனையை அந்தப் பையனே செய்யட்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார்.