சொசைட்டி அட்டையில் இல்லாத கணக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் கட்டுத்தரையில் நான்கு கறவை மாடுகள். பால் ஊற்றும் சொசைட்டியின் அட்டையில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) எல்லாம் வந்துவிடும். ஆனால் அது கேனின் கணக்கு. நான்கு மாட்டுப் பாலும் கலந்த பிறகு எது உழைக்கிறது, எது சும்மா தின்கிறது என்று எப்படித் தெரியும்? 2020 லாக்டவுனில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது ஒரு தொங்கு தராசு வாங்கி, தனித்தனியாக எடை போட்டு எழுத ஆரம்பித்தேன். சுழி பார்த்து மாடு பிடிக்கும் என் மாமனார், "மாப்பிள்ளை, கணக்கு எழுதுனா மடி பெருக்குமுங்களா?" என்றார்.

முதல் சில மாதக் கணக்கு குப்பைக்குத்தான் போனது. சொசைட்டியில் ஊற்றிய பாலை மட்டும் எழுதியிருந்தேன். வீட்டுக்கு எடுத்தது, கன்று குடித்தது, மடிநோய்க்கு மருந்து போட்ட நாட்களில் கீழே கொட்டியது எதுவும் இல்லை. நோயாளி மாடு அன்றைக்குக் கறக்கவே இல்லை என்பதுபோல நோட்டு சொன்னது. இன்னொரு தப்பு, ஈன்று இரண்டு மாதமான மாட்டையும் எட்டு மாதமானதையும் ஒரே தேதியில் ஒப்பிட்டது. அப்புறம் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஈன்ற நாளை ஒன்றாக வைத்து 305 நாள் வரை எழுதினேன். இனவிருத்திக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கும் அதுதான். ஓரத்தில் பருவம், சினை ஊசி, நோய் எல்லாவற்றுக்கும் தேதி.

2020 டிசம்பரில் கருப்பியும் செவலையும் சில நாள் வித்தியாசத்தில் ஈன்றன. கருப்பி எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, உச்சத்தில் 18 லிட்டர். செவலை கேரளத்துக் கலப்பினமான சுனந்தினி, 13. ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் ஏறியதும் கருப்பி 11க்கு விழுந்தது, மழை பிடித்த பிறகும் எழவில்லை. செவலை 11க்கு இறங்கிப் பத்தே நாளில் திரும்பிவிட்டது. ஆகஸ்டில் இரண்டுக்கும் மூன்று நாள் காய்ச்சல் வந்தபோதும் அதே கதை.

305 நாள் கூட்டிப் பார்த்தால் கருப்பி 2,940, செவலை 2,780. மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் கருப்பிக்கு ஊசி நிற்காமல் நிற்காமல் அடுத்த ஈத்துக்கு 17 மாதம் ஆனது. செவலைக்கு 13. அந்த நாட்களுக்குப் பிரித்தால் கருப்பி நாளுக்கு 5.7 லிட்டர், செவலை 7. மருத்துவச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை. அன்று மாமனார் ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்தார்.

நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் தானியங்கிக் கறவை எந்திரங்களின் தினசரிக் கணக்கில் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். கறவை அதிகம் ஏறி இறங்காத மாடுகளுக்கு மடி, உடல்நலம் எல்லாம் பொதுவாக மேல். அந்தக் குணம் ஓரளவு கன்றுக்கும் போகும். ஓரளவுதான். மீதி தீவனம், நிழல், தண்ணீர்.

சரி, செவலைக்குக் கிடாரி பிறந்தால் விற்காமல் வளர்ப்பது என்று முடிவானது. அடுத்த சிக்கல் காளை. காளை கறக்காது, அதன் தரத்தை மகள்களின் கறவையை வைத்துத்தான் அளக்க முடியும். கேரள கால்நடை வளர்ச்சி வாரியம் அப்படிச் சோதிக்கிறது. மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் 1963இல் சுவிஸ் உதவியோடு தொடங்கிய திட்டத்தின் தொடர்ச்சி அது. இதெல்லாம் இருந்தும், எங்களுக்கு முன்பு ஊசி போட வந்தவரிடம் எந்தக் காளை என்று கேட்டால், "நல்ல காளைதான்" என்பார். மகளுக்கு அப்பனையே போட்டாலும் நமக்குத் தெரியாது. எரிச்சலாக இருக்கும். அதனால் 2022 மே மாதம் செவலைக்கு ஊசி போட்டதும் விந்து அடைத்து வந்த காலிக் குச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காளையின் எண் அதன்மேலேயே அச்சாகியிருக்கும். நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டினேன்.

2023 பிப்ரவரியில் கிடாரி பிறந்தது. அது பருவத்துக்கு வந்தபோது குச்சியைக் காட்டி, இந்த எண் மட்டும் வேண்டாம் என்றேன். போன ஜூனில் ஈன்றுவிட்டது. தலை ஈத்து, உச்சம் 10 லிட்டர். தாயைவிடக் குறைவுதான், ஆனால் தலை ஈத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு கோடைகூட அது கறவையில் நின்றதில்லை. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கட்டுத்தரையில் வெப்பமானி மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தவர் மாமனார்.