சேலத்து ஜவ்வரிசியும் வல்லார்பாடத்தின் கடைசி 17 கிலோமீட்டரும்

எங்கள் முதல் கன்டெய்னர் ஒருவழியாகத் துபாய் போய்ச் சேர்ந்துவிட்டது. பணமும் வந்துவிட்டது. ஆனாலும் கொச்சியின் கன்டெய்னர் முனையத்துக்குப் போகும் அந்தக் களமசேரி–வல்லார்பாடம் சாலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சொந்தமாக ஏற்றுமதி தொடங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு கப்பலைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவெண், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. உறுதிப்பத்திரம் எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வங்கியும் ஒத்துழைத்தது. ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளிநாட்டில் வாங்குகிறவர்களே ‘சேலம் ஜவ்வரிசிதானே?’ என்று கேட்கிறார்கள். சரக்கு விற்பதில் சிரமம் இல்லை. கப்பலில் ஏற்றுவதில்தான் இருக்கிறது எல்லாம்.

கொச்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னைக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆனால் வளைகுடாவுக்கு மேற்குக் கடற்கரைதான் நேர்வழி. இலங்கையைச் சுற்ற வேண்டாம், கொழும்பில் இறக்கி ஏற்ற வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 544 நம் சேலத்தில்தான் தொடங்குகிறது. சங்ககிரி, பவானி, அவிநாசி, வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் என்று ஒரே சாலை. குதிரான் மலையில் முன்பெல்லாம் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். 2021-ல் ஒரு சுரங்கமும் 2022-ல் இன்னொன்றும் திறந்தபிறகு அந்தத் தொல்லையும் இல்லை. களமசேரியில் பிரிகிறது 966ஏ. வெறும் 17 கிலோமீட்டர். அங்கே யாரும் எண் சொல்வதில்லை, கன்டெய்னர் ரோடு என்றால்தான் தெரியும். 2011 பிப்ரவரியில் திறந்த வல்லார்பாடம் முனையத்துக்கென்றே போட்ட சாலை அது.

ஆலையிலேயே மூட்டைகளை அடுக்கி, நாங்களே சீல் வைத்து அனுப்பும் முறையில் போனோம். சுங்கத்துறையிடம் முன்அனுமதி வாங்கிவிட்டால் இதுதான் நல்ல வழி. 2017-லிருந்து இதற்கு ஆர்.எஃப்.ஐ.டி. மின்சீல், அதாவது ரேடியோ அலையால் எண்ணைப் படிக்கக்கூடிய பூட்டு, கட்டாயம். சீல் பூட்டியதும் சீல் எண், ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரம்) எண், கன்டெய்னர் எண், பூட்டிய நேரம், இவற்றோடு பெட்டியை இழுத்துப்போகும் முன்வண்டியின் பதிவெண்ணையும் ஆன்லைனில் பதிய வேண்டும். இந்தக் கடைசி விவரத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் சிக்கியது அங்கேதான்.

வண்டி சாயங்காலம் ஆலையை விட்டுக் கிளம்பியது. சங்ககிரி தாண்டுவதற்குள் முன்வண்டியில் கோளாறு. லாரி ஆபீஸ்காரர்கள் வேறு முன்வண்டியைக் கொண்டுவந்து மாட்டி அனுப்பிவிட்டார்கள். பெட்டி அதே பெட்டி, சீல் அதே சீல், பதிவெண் மட்டும் வேறு. எங்களுக்கு ஒரு போன் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் கிடையாது. மறுநாள் கன்டெய்னர் ரோட்டிலிருந்து டிரைவர் அண்ணன் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. ‘தம்பி, பேப்பர்ல பழைய வண்டி நம்பர் இருக்குதாம். உள்ள விட மாட்டேங்கறாங்க. ஓரமா நில்லுன்னு சொல்லிட்டாங்க.’

முனையத்து வாசலில் இருந்தவர்கள் செய்தது சரிதான். எண் பொருந்தாத பெட்டியை அவர்கள் எப்படி உள்ளே விடுவார்கள்? கோபம் லாரி ஆபீஸ் மேல், அதைவிட, சுங்க வேலைகளை எங்களுக்காக முடித்துத் தர அங்கே அமர்த்தியிருந்த கிளியரிங் ஏஜென்டின் ஆபீஸ் மேல். போனை எடுத்த குமாஸ்தா, ‘சார் சனிக்கிழமை, திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்றார். எங்கள் கப்பலுக்கான பெட்டிகளை முனைய வாசலில் வாங்குவது ஞாயிறு இரவோடு முடிகிறது என்று சொன்னேன். ‘அடுத்த கப்பல் வரும்’ என்று வைத்துவிட்டார்.

அன்று நள்ளிரவு சேலத்தில் ஆலப்பி எக்ஸ்பிரஸ் ஏறினேன். காலையில் ஆலுவாவில் இறங்கி, ஆட்டோ பிடித்து அந்தச் சாலைக்குப் போனேன்.

சாலையை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். சேரநல்லூரில் 66-ஆம் நெடுஞ்சாலை குறுக்கே வெட்டுகிறது. அந்தச் சந்திப்பைக் கடப்பதே ஒரு வேலை. அதன்பிறகு கோதாடு, மூலம்பிள்ளி, முளவுகாடு என்று தீவுக்குத் தீவு பாலம். சதுப்பில் மண் கொட்டி உயர்த்திய சாலை என்பதால் பாலத்துக்கு ஏறும் இடங்களில் மண் அமுங்கி வண்டி தூக்கிப்போடும். இரண்டு பக்கமும் பெட்டிகளோடு டிரெய்லர்கள் வரிசையாக நிற்கின்றன. இரவில் இப்படி நிற்கும் வண்டிகளில் மோதி உயிர்போன பைக் ஓட்டிகளைப் பற்றிக் கேரளப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. கழிப்பறை இல்லை, நிழல் இல்லை. டிரைவர் அண்ணன் முந்தைய நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. இந்தியாவின் முதல் சர்வதேசக் கன்டெய்னர் பரிமாற்ற முனையம் என்று திறந்த இடத்துக்குப் போகும் ஒரே பெரிய சாலையில், காத்திருக்கும் வண்டிகளுக்கு முதலிலேயே ஒரு மைதானம் ஒதுக்கியிருக்க வேண்டாமா? பக்கத்தில் இடப்பள்ளியிலிருந்து வரும் ரயில்பாதைக்கு 4.62 கிலோமீட்டர் நீளத்தில் வேம்பநாட்டுக் காயலின்மேல் பாலம் கட்டினார்கள். நான் நின்ற நேரம் முழுக்க அதில் ஒரு சரக்கு ரயிலும் போகவில்லை.

டீக்கடையில் ஒரு பெரியவர், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு மூலம்பிள்ளியைப் பற்றிச் சொன்னார். 2008 பிப்ரவரி 6-ஆம் தேதி இந்தச் சாலைக்கும் ரயில்பாதைக்கும் வீடுகளை இடித்து ஆட்களை வெளியேற்றினார்கள். மொத்தம் 316 குடும்பங்கள். அடுத்த மாதமே மறுவாழ்வுத் திட்டம் அறிவித்தார்கள், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். பல குடும்பங்கள் இன்னும் அலைந்துகொண்டுதான் இருக்கின்றன. 2018-ல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு நம்மூர்க் காடுகளில் அளவுக்கல் நட்டதைப் பார்த்தவன் நான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அத்தனை பேர் வீட்டைக் கொடுத்துப் போட்ட சாலை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு அங்கேதான் வந்தது.

ஏஜென்ட் ஆபீஸ் பூட்டியிருந்தது. வரிசையில் நின்ற இன்னொரு டிரைவர் மூலம் வேறொரு ஏஜென்டிடம் வேலை செய்யும் மலையாளிப் பெண்ணின் உதவி கிடைத்தது. அவர் எனக்காகச் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. ஆனாலும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொன்னார்: பழைய எண், புதிய எண், மாற்றிய இடமும் காரணமும், சீல் அப்படியே இருக்கிறது என்ற உறுதி, லாரி ரசீதின் நகல், சீலின் படம். சீல் அறுந்திருந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பது கட்டாயம், அறாததால் பிழைத்தோம் என்றார். எங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். ஆனால் கொடுக்க வேண்டியது எங்கள் ஏஜென்ட்தான், அவர் போனையே எடுக்கவில்லை. வாசல் மூடிவிட்டது. கப்பல் போய்விட்டது.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுத்ததும் சீக்கிரமே எல்லாம் சரியாகிவிட்டது. இதற்கா ஒரு கப்பலை விட்டோம் என்று அழுகையே வந்துவிட்டது எனக்கு. பெட்டி உள்ளே போய், அடுத்த கப்பலில் ஏறியது. எல்.சி.யில், அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தில், கடைசி ஏற்றுமதித் தேதிக்கு இடைவெளி விட்டிருந்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் வங்கியில் திருத்தம், வாங்குபவரின் சம்மதம் என்று அது தனிக்கதை ஆகியிருக்கும். எல்.சி. பேசும்போது குறைந்தது ஒரு கப்பல் தவறினாலும் தாங்கும்படி தேதி கேளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். எடைச் சான்று, அதாவது வி.ஜி.எம்., 2016 ஜூலையிலிருந்து எல்லாப் பெட்டிக்கும் கட்டாயம். அதைச் சேலத்திலேயே எடுத்துவிடுங்கள், சீட்டு டிரைவர் கையிலும் உங்கள் போனிலும் இருக்கட்டும். வாசல் மூடும் நேரத்தை ஏஜென்ட் வாயால் மட்டும் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாரா என்று ஏஜென்டை அமர்த்தும்போதே கேளுங்கள். முக்கியமாக, எல்லாக் காகிதமும் சரி என்று ஏஜென்ட் சொல்லும்வரை வண்டியை அங்கமாலிக்கு முன்பே எங்காவது நல்ல பங்க்கில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே சாப்பாடு இருக்கும், குளிக்க இடம் இருக்கும். களமசேரியில் திரும்பி, பொன்னாரிமங்கலம் டோலையும் தாண்டிவிட்டால் பிறகு ரோட்டோரம்தான்.

லாரி ஆபீஸ், வண்டி காத்து நின்றதற்கு ஹால்டிங் என்று ஒரு பெரிய தொகையை பில்லில் போட்டு அனுப்பியது. அவர்களே கொடுத்த லாரி ரசீதில் வண்டி மாற்றிய நேரம் பேனாவில் எழுதியிருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பி, எங்களுக்குத் தகவல் சொன்ன நேரத்தைக் காட்டுங்கள் என்றேன். சங்ககிரிக்கு நேரில் போய் முதலாளியிடம் பேசியபிறகு ஹால்டிங்கை முழுவதும் அடித்துவிட்டார். டிரைவர் அண்ணனின் காத்திருப்புப் படியை மட்டும் குறைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கொடுத்துவிட்டதாக அண்ணனே போன் செய்து சொன்னார். இப்போது எங்கள் புக்கிங் தாளிலேயே அச்சடித்துவிட்டோம்: முன்வண்டி மாற்றினால், எங்களுக்குச் சொல்லி ஏஜென்ட் எண்ணைத் திருத்தியபிறகே வண்டி நகர வேண்டும்.