நானூற்றைந்தைத் தேடி வயோமிங்குக்கு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸிலிருந்து தெற்கே இறங்கி, பெல்ஃப்ரி என்ற சிற்றூரைத் தாண்டிவிட்டால் மரங்கள் குறைந்துவிடுகின்றன. பிறகு கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் பூத்த சேஜ் புதர்கள், கம்பி வேலி, வேலிக்கு அப்பால் தலை தூக்கிப் பார்க்கும் பிராங்ஹார்ன் மான்கள். வயோமிங் மாநிலத்தின் கோடி நகரம் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. 'பஃபலோ பில்' என்று உலகம் அறிந்த வில்லியம் கோடி 1896இல் உருவாக்கிய ஊர் அது. அவர் பெயரையே சூடிக்கொண்டிருக்கிறது.

வண்டியை ஓட்டியவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபத்தாறு வயது. அவருடைய சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள், அதில் ஓர் எண். அவருடைய தாத்தா விட்டுச்சென்ற வின்செஸ்டர் 1894 ரைஃபிளின் அடிப்பக்கத்தில் பொறித்திருந்த வரிசை எண் அது. எனக்கும் ஓர் எண் இருந்தது, ஆனால் மனத்தில்தான். நானூற்றைந்து.

என் ஊர் பென்னாகரம். நம் காடுகளில் வேட்டையாடி, அதைப் புத்தகங்களாக எழுதிய கென்னத் ஆண்டர்சனைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். சின்னாற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் குடியிருந்த பைரா என்ற காட்டுவாசியை அவர் சந்தித்தது எங்கள் பக்கத்துக் காட்டில்தான். முண்டச்சிப்பள்ளம், ஜவளகிரி என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் பெயர்களை அச்சில் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஆட்கொல்லிப் புலிகளுக்காக அவர் காத்திருந்த இரவுகளில் மடிமீது இருந்தது .405 என்ற அளவுத் தோட்டா போடும் வின்செஸ்டர் ரைஃபிள். புலி எப்படி இருக்கும் என்று தெரியும். காடு எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தத் துப்பாக்கி எப்படி இருக்கும் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்ன நாளில்தான் அவர் தன் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழு ரைஃபிள்கள். எல்லாமே விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயாராகும் பழைய வேட்டைத் துப்பாக்கிகள், எல்லாமே நேர்க்கட்டை. அதாவது, விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் இடத்தில் கைத்துப்பாக்கிப் பிடிபோலக் கீழ்நோக்கி வளையாமல், தோள்வரை ஒரே ஓட்டமாகப் போகும் கட்டை. வின்செஸ்டர் நிறுவனத்தின் அன்றைய விலைப்பட்டியலில் நேர்க்கட்டைதான் வழக்கமானது. வளைந்த பிடி வேண்டுமென்றால் கூடுதல் பணம். பணக்காரர்கள் வளைவை வாங்கினார்கள், வேலைக்காரர்கள் நேர்க்கட்டையை வாங்கினார்கள் என்பது பெரியவரின் கணக்கு. எனக்கும் நேர்க்கட்டையே அழகு. லீவர் கட்டையின் அடியில் ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. குதிரைச் சேணத்து உறைக்குள் தட்டையாக நுழைகிறது. இறக்கி ஏற்றும்போது கை எதிலும் இடறுவதில்லை.

அவற்றில் தாத்தாவின் 1894ஐ என் கையில் கொடுத்தார். துப்பாக்கி என்றால் எனக்கு நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கும் கனத்த பொருள்தான் நினைவுக்கு வரும். இதுவோ, நடுவே பிடித்தால் ஒரு கைக்குள் சமநிலையில் நின்றது. அந்த நடு இடத்தில் மட்டும் இரும்பின் நீல மெருகு முழுவதும் போய் வெள்ளிபோல மின்னியது. "தாத்தாவின் உள்ளங்கை வியர்வை" என்றார் பெரியவர். நாற்பது ஆண்டுகள் அதே இடத்தில் பிடித்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்.

சேகரிப்பவர்களின் உலகில் நான் கற்ற முதல் பாடம் இது: அந்தத் தேய்மானத்தைத் தொடக் கூடாது. மெருகு போனதென்று புதிதாக நீலம் ஏற்றினால், மரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், துப்பாக்கியின் மதிப்பு பாதியாகச் சரியலாம். எழுத்துப் பொறிப்பின் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, தொலைநோக்கி பொருத்த யாராவது துளை போட்டிருக்கிறார்களா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார்கள். நம் கோயில்களில் பழைய கற்சுவர்மீது மணல் பீய்ச்சி, கல்வெட்டு எழுத்துகளையே அழித்துவிட்ட 'திருப்பணி'களைப் பார்த்து வருந்தியவன் நான். அவர்களுடைய பதற்றம் எனக்கு உடனே புரிந்தது.

கோடி நகரின் அருங்காட்சியகத்தில், முன்பு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் தொழிற்சாலையின் சேகரிப்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய செல்வம், தொழிற்சாலையின் பேரேடுகள். வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தத் துப்பாக்கி எந்த வடிவில் செய்யப்பட்டது, எந்த நாள் சரக்கறைக்கு வந்தது, எந்த நாள் வெளியே போனது என்று பார்த்து எழுதித் தருகிறார்கள். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் கிடைக்காது. பழையவற்றுக்கே பேரேடு எஞ்சியிருக்கிறது. வாங்கியவரின் பெயரும் அதில் இருக்காது.

பெரியவரின் எண்ணுக்குப் பதில் கிடைத்தது. .38-55 தோட்டாவுக்கான ரைஃபிள், எட்டுப்பட்டைக் குழல், சாதாரண விசை, 1897இல் அனுப்பப்பட்டது. அவர் தாளை இரண்டு முறை படித்தார். வழக்கமான ரைஃபிளின் குழல் 26 அங்குலம். குறைத்துக் கேட்டிருந்தால் அதை எழுதியிருப்பார்கள். வீட்டில் இருப்பதோ 22 அங்குலம். அப்படியென்றால் பிற்பாடு யாரோ அறுத்திருக்கிறார்கள். சந்தைக்குப் போனால் இதனால் விலை பெரிதும் விழும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல, "தாத்தாவுக்கு ஒரு குட்டைக் குதிரை இருந்தது. நீளக் குழல் அதன் முழங்காலில் இடித்திருக்கும்" என்றார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அறுத்த குழலை அவர் ஒருநாளும் விற்கப்போவதில்லை. அதனால் விலையைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

இதே பேரேடுகள்தான் இன்னொரு துப்பாக்கியின் பிறந்த ஆண்டையும் சொல்லின. 2014 நவம்பரில், நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியல் ஆய்வாளர்கள் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்திருந்த வின்செஸ்டர் 1873ஐக் கண்டார்கள். கட்டை வெயிலில் வெளிறி, வெடித்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. 1882இல் செய்யப்பட்டது. அந்த மாடல் முதலில் 50 டாலருக்கு விற்றது. அந்த ஆண்டில் 25 டாலராகக் குறைந்து எளியவர் கைக்கும் வந்திருந்தது. கெடாமல் காக்கும் வேலை கோடி நகரில் நடந்தபோது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கட்டைக்குள் துடைப்புக் கம்பி வைக்கும் துளையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தது. இப்போது அந்தத் துப்பாக்கி நெவாடா பூங்காவிலேயே இருக்கிறது. அதைச் சாய்த்து வைத்தவர் ஏன் திரும்பி வரவில்லை என்பதை மட்டும் எந்தப் பேரேடும் சொல்லாது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிறகு கண்ணாடிப் பேழைகளின் வரிசை. பித்தளை நிறத்தில் ஜொலிக்கும் 1866 மாடல். யூட்டாவின் ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886, 1892, 1894. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் உருவாக்கிய, வெளியே சுத்தியலே தெரியாத 1899. உள்ளே எத்தனை தோட்டாக்கள் மிச்சம் என்று காட்டும் ஒரு சின்னச் சாளரம்கூட அதில் உண்டு.

மூலையில் 1895 மாடல் இருந்தது. நேர்க்கட்டைதான், ஆனால் மற்றவற்றைப்போல ஒல்லியானதல்ல. மற்ற வின்செஸ்டர்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு என்றால், அதிர்ச்சியில் முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கச் செய்துவிடும் அபாயம். அதனால் மொட்டை முனைதான். இந்த மாடலில் பிரௌனிங் விசைக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்துத் தோட்டாக்களை மேலும் கீழுமாக அடுக்கினார். அதனால்தான் வயிறு புடைத்த தோற்றம். 1904இல் இதற்கென்றே .405 தோட்டா வந்தது. 1909இல் ஆப்பிரிக்காவுக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட் சிங்க வேட்டைக்கு இதைத்தான் நம்பினார். பின்கட்டையின் குறுகிய இரும்பு விளிம்பைப் பார்த்தேன். சுடும்போது அது தோள் எலும்பில் எப்படி இறங்கும் என்று பெரியவர் சொன்னார். ஒரே ஒருமுறை சுட்டிருக்கிறாராம்.

இதுதானா அது? ஆண்டர்சன் தொட்ட துப்பாக்கி இல்லை, அதன் உடன்பிறப்பு. ஆனாலும் கண்ணாடிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். முண்டச்சிப்பள்ளத்து இருட்டில் லீவரை இறக்கி ஏற்றும்போது எழுந்திருக்கக்கூடிய ஓசையைக் கற்பனை செய்து பார்த்தேன். நாங்கள் விறகு பொறுக்கிய ஓடைக்கரையும் இந்த இரும்பும் ஒரே கதையில் இருந்தவை. அந்தக் கதையின் காலம் முடிந்துவிட்டது என்பதில் எனக்கு வருத்தமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் காட்டுப் புலியைப் பொழுதுபோக்குக்காகச் சுட யாருக்கும் உரிமையில்லை. ஜவளகிரிக் காடு இன்று காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. துப்பாக்கி பேழைக்குள்ளும் புலி காட்டுக்குள்ளும் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

"அந்த ஊர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார் பெரியவர். கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, காவிரியைப் பிடித்துக்கொண்டே ஒகேனக்கல் வரை வந்து, சின்னாறு சேரும் இடத்தில் விரலை வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் குனிந்து பார்த்தார். "அங்கே குதிரை ஏறுமா?" என்று கேட்டார்.

"ஏறாது. நடந்துதான் போக வேண்டும்" என்றேன்.