வில்ஹெல்ம்ஸ்புர்க் பங்கரும் 20 லட்சம் லிட்டர் வெந்நீரும்

ஹாம்பர்க்கில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான எதிர்ப்புக் கோபுரங்கள் (பங்கர்கள்) இரண்டு இன்னும் நிற்கின்றன. கூட்டமெல்லாம் போவது சாங்க்ட் பவுலியில் இருப்பதற்கு. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், எல்பே ஆற்றுத் தீவான வில்ஹெல்ம்ஸ்புர்க்கில் உள்ளதற்குப் போங்கள்.

சாங்க்ட் பவுலி கோபுரத்துக்கு வழி கேட்கவே வேண்டாம். யூ3 ரயிலில் ஃபெல்ட்ஷ்ட்ராசே நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே நிற்கும். 1942இல், கட்டாயத் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிந்து சுமார் 300 நாளில் எழுப்பியது. சுவர்கள் 3.5 மீட்டர் வரை தடிமன். கூரையின் நான்கு மூலைகளிலும் 12.8 செ.மீ. இரட்டைக் குழல் பீரங்கிகள். கீழே 18,000 பேர் பதுங்க இடம். 1943 ஜூலைக் குண்டுவீச்சின்போது 25,000 பேர் வரை உள்ளே நெரிந்துகிடந்தார்கள். 1952 டிசம்பரில் ஜெர்மனியின் 'டாகெஸ்ஷாவ்' தொலைக்காட்சிச் செய்தி முதன்முதலில் ஒளிபரப்பானதும் இதற்குள்ளிருந்துதான்.

2024 ஜூலையில் இதன் தலைமேல் ஐந்து அடுக்கு ஏற்றித் திறந்தார்கள்: ஹோட்டல், அரங்கு, உச்சியில் தோட்டம். மொத்த உயரம் இப்போது 58 மீட்டர். வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் 560 மீட்டர் நடைபாதைக்குக் கட்டணம் இல்லை. படியும் சரிவுமாக, முழுக்கத் திறந்தவெளி. கீழே தென்றலாக இருப்பது மேலே காதைக் கிழிக்கும் காற்று. புயல் வானிலையில் பாதையை மூடிவிடுவார்கள். பக்கத்துத் திடலில் வருடம் மூன்று முறை நடக்கும் 'டோம்' திருவிழா நாட்களிலும், மில்லர்ன்டோர் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் உள்ள நாட்களிலும் மாலையில் ரயில் நிலையமே திணறும். காலையில் போய்விடுவது நல்லது. விளம்பரப் படங்களில் காட்டிய காடு இன்னும் வளரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை இடிக்காமல் விட்டதற்குக் காரணம் பரிவு அல்ல. இவ்வளவு காங்கிரீட்டைப் பிளக்கத் தேவையான வெடிமருந்து சுற்றியுள்ள வீடுகளையும் சேர்த்துச் சாய்த்துவிடும். 1943இல் கட்டிய வில்ஹெல்ம்ஸ்புர்க் கோபுரத்தில் பிரிட்டிஷ் படை வேறு வழியை முயன்றது. 1947இல் உள்ளே மட்டும் வெடிவைத்தார்கள். எட்டுத் தளங்களில் ஆறு நொறுங்கி விழுந்தன, வெளிக்கூடு அசையவில்லை. அப்படியே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக்கிடந்தது.

தளம் இல்லாத அந்த வெற்றுக் குடல்தான் பின்னால் உதவியது. நகரின் கட்டடக் கண்காட்சித் திட்டம் இடிபாட்டை அள்ளி, சுவர்களைப் பலப்படுத்தி, 2013இல் உள்ளே 20 லட்சம் லிட்டர் கொள்ளும் வெந்நீர்த் தொட்டியை நிறுத்தியது. வெப்பம் வருகிற நேரமும் வேண்டியிருக்கிற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை: வெயில் நண்பகலில் அடிக்கும், பக்கத்துத் தொழிற்சாலையின் கழிவு வெப்பம் நாள்முழுக்க வரும், வீடுகள் குளிக்கவும் அறையைச் சூடாக்கவும் கேட்பது காலையிலும் மாலையிலும். இடைப்பட்ட நேரத்துக்கு இந்தத் தொட்டி தாங்குகிறது. சூடான நீர் லேசானதால் மேலே நிற்கும். அங்கிருந்து எடுத்து வீடுகளுக்கு அனுப்பி, ஆறித் திரும்புவதை அடியில் விடுகிறார்கள். இரண்டும் கலந்துவிட்டால் தொட்டி முழுக்க வெதுவெதுப்பாகி, எதற்கும் உதவாது. அதனால்தான் தொட்டி அகலமாக இல்லாமல் உயரமாக இருக்கிறது. ஏறத்தாழ 3,000 வீடுகளுக்கான வெப்பத்தைக் கணக்கில் வைத்த திட்டம் இது. கூரையில் நீரைச் சூடாக்கும் சூரியத் தகடுகள், தெற்குச் சுவரில் மின்சாரத் தகடுகள். படம் எடுக்க அந்தத் தெற்குப் பக்கம்தான் சரி. மற்றப் பக்கங்களிலிருந்து வெறும் சாம்பல் நிறப் பெட்டியாகத்தான் தெரியும்.

30 மீட்டர் உயரத்தில் 'வ்யூ' காப்பிக் கடை. அதைச் சுற்றி ஓடும் மாடத்தில் நின்றால் துறைமுகக் கிரேன்கள், கோல்பிரான்ட் பாலம், தெற்கே ஹார்புர்க் குன்றுகள். கடை எல்லா நாளும் திறப்பதில்லை. வார இறுதிக்குத் திட்டமிட்டு, நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தால் மேலே ஏற முடியாது.

மத்திய ரயில் நிலையத்திலிருந்து எஸ்-பான் நகர ரயிலில் ஃபெடல் வரை வந்து, 13ஆம் எண் பேருந்தில் ஃபெரிங்ஷ்ட்ராசேயில் இறங்கவும். பிறகு சிறிது நடை. தெருவில் துருக்கிக் கடைகள் நிறைய. மேலே காப்பி மட்டும் போதும், சாப்பாட்டை இங்கே முடித்துக்கொள்ளலாம்.