ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ டெக்னீஷியனாகப் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒருநாள் குடியாத்தம் பக்கத்திலிருந்து 16 வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்தார். ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை, ஓயாத பேச்சு, ஊரார் கடனையெல்லாம் தானே அடைக்கப் போகிறேன் என்கிறான். இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு மூன்று தாயத்து. காந்தம் இருக்கிற அறை, உலோகம் உள்ளே போகக் கூடாது என்றதும் அந்த அம்மா ரொம்பத் தயங்கினார். கடைசியில் பீடி சுற்றித் தேய்ந்த விரல்களால் முடிச்சை அவிழ்த்து, தாயத்துகளை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவையே பார்த்தபடி நின்றார்.

படுக்க வைத்து, 'காயில்' என்கிற கூண்டு மாதிரிக் கருவியைத் தலைக்கு மாட்டும்போது பையன் கேட்டான், "அண்ணா, எதுக்கு என்னை முறைக்கிறீங்க?" நான் முறைக்கவே இல்லை. சும்மாதான் பார்த்தேன்.

அவன் அசைந்துகொண்டே இருந்ததால் இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "தலையில ஏதாச்சும் கீதுங்களா சார்?" "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்குது" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன், ஆனால் அது நான் சொல்ல வேண்டிய வார்த்தையே இல்லை.

ஆறு மாசம் கழித்து மாமியாருக்கு முட்டி எக்ஸ்ரே எடுக்க அதே அம்மா வந்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்ட்டாங்க, அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு அவங்கப்பா நிறுத்திட்டாரு சார்." மறுபடி தூக்கம் போய், ஒரு ராத்திரி வீட்டைவிட்டுக் கிளம்பினவனைக் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை, அதனாலேயே எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த மனநல டாக்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். கட்டி, மூளைக் காய்ச்சல் மாதிரி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யத்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்கேன் எழுதுகிறார்கள், பைபோலார் (மனசு அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய்) இருக்கிறதா இல்லையா என்று ஒரு படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்றார். அப்போது மூளையில் வித்தியாசமே கிடையாதா? இருக்கிறது, ஆனால் நிறையப் பேரை அளந்து சராசரி எடுத்தால்தான் தெரியும். இரண்டு பக்கமும் காதுக்கு உள்ளே தள்ளி, பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது, பயம், கோபத்தையெல்லாம் கிளப்புகிற இடம். பைபோலார் உள்ள வளரிளம் பிள்ளைகளிடம் அது சராசரியில் கொஞ்சம் சின்னதாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை அடக்கிப் பிடிக்கிற நெற்றிப் பகுதியோ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

2006இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். கோபமோ சிரிப்போ இல்லாத சாதாரண முகங்களைக் காட்டியபோது, பைபோலார் உள்ள பிள்ளைகள் அவற்றை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பகை முகமாகப் பார்த்திருக்கிறார்கள், அமிக்டலாவும் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. எனக்கு உடனே அந்த "எதுக்கு முறைக்கிறீங்க" ஞாபகம் வந்துவிட்டது. திமிர் என்று நினைத்திருந்தேனே!

மாத்திரை விஷயமும் அப்படித்தான். எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டாய்வில் 6,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, பைபோலார் உள்ளவர்களுக்கு மூளையின் மேலடுக்கு (கார்டெக்ஸ்) சில இடங்களில் மெலிந்திருந்தது, பைபோலாருக்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்த மெலிவு குறைவு. ஆனால் லித்தியத்தை ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டி உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் அந்த அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இப்போதெல்லாம் இப்படி யாராவது கேட்டால் கவரைக் கையில் கொடுத்து, "டாக்டர் பார்த்துச் சொல்வாரும்மா. அவர் சொல்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்கிறேன்.

போன வைகாசியில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம், அந்தப் பையன் தனியாக சென்டருக்கு வந்தான். கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ரத்த டெஸ்ட் சீட்டு. நான் நிமிர்ந்து பார்த்தேன். "அண்ணா, லித்தியம் டெஸ்ட் எடுக்கிற லேப் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.