வேருக்குள் பார்க்க வேண்டிய பூஞ்சை

செடியின் வேருக்குள் வாழ்ந்து, அதற்குப் பாஸ்பரஸ் தரும் பூஞ்சைதான் வேர் உட்பூசணம். அதன் ஆய்வு என்றதும் பலரும் முதலில் கேட்பது, "100 கிராம் மண்ணில் எத்தனை ஸ்போர் (பூஞ்சை வித்து)?" என்பதுதான். தென்மாவட்டங்களின் செம்மணல் மேடுகளான திசையன்விளை, குதிரைமொழித் தேரிகளுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் அதே கேள்வி. அறிக்கையில் அந்த எண் நன்றாக இருக்கும். செடிக்கும் பூஞ்சைக்கும் கொடுக்கல் வாங்கல் நடக்கிறதா என்பதை அது சொல்லாது. வேரின் புறணியை, அதாவது தோலுக்கும் நடுநரம்புக்கும் இடைப்பட்ட சதையைப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்போர் பிரிப்பதும் எளிதல்ல. மேல்மண்ணை வழித்துவிட்டு, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் நுண்வேரோடு மண் எடுக்க வேண்டும். 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, மணல் படியச் சில நொடிகள் விட்டு, மேல்நீரை 710, 250, 100, 45 மைக்ரான் சல்லடைகள் வழியே ஊற்றுவோம், மூன்று முறை. தேரி மணல் சட்டென்று படிந்துவிடும். கரிசலில் களிக்கட்டிக்குள் ஸ்போர் சிக்கிக்கொள்ளும், எண்ணிக்கை குறைவாகத் தெரியும். சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துக் கட்டியை உடைக்காமல் கரிசலைத் தேரியோடு ஒப்பிடக் கூடாது. கிடைத்த ஸ்போரிலும் வெற்று ஓடுகள் நிறைய இருக்கும். ஊசியால் அழுத்தி, எண்ணெய்த் துளி வருகிறதா என்று பார்த்த பிறகே எண்ண வேண்டும். கோடைக் கடைசியில் ஸ்போர் மிகுந்திருந்தால், செடி வாடி, பூஞ்சை அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கிறது என்றும் பொருளாகலாம்.

வேருக்கு வருவோம். 1970-இல் பிலிப்ஸும் ஹேமனும் வெளியிட்ட சாயமேற்றும் முறைதான் இன்றும் அடிப்படை. நுண்வேரை 1 செ.மீ. துண்டுகளாக்கி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 90 டிகிரி செல்சியஸில் வேகவைத்துக் கழுவி, 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, 0.05 சதவீத டிரிபான் நீலச் சாயத்தில் இட வேண்டும். அமிலத்தைத் தவிர்த்தால் சாயம் பிடிக்காது. வேகவைக்கும் நேரத்தில்தான் அதிகம் கெடுகிறது. வெங்காய வேருக்குப் போதுமான நேரம் உடைமர வேருக்குப் போதாது; டானின் என்ற துவர்ப்புப் பொருளின் கறுப்பு போக, காரம் சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்க வேண்டியிருக்கும். உடைமரத்துக்கான நேரத்தை வெங்காயத்துக்குக் கொடுத்தால் புறணி கழன்று, நடுநரம்பு மட்டும் மிஞ்சும். பூஞ்சை வாழ்வதே புறணியில். கழன்ற வேரைப் பார்த்துவிட்டு "பூஞ்சை இல்லை" என்று எழுதுவது பெரும் தவறு. வாழையில் தடித்த வேரை எடுத்தாலும் இதே கதிதான். கடைசிக் கிளையின் மெல்லிய வேர் வேண்டும்.

டிரிபான் நீலம் உடலுக்கு நல்லதல்ல. கறுப்பு எழுத்து மையை 5 சதவீதம் கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டாலும் வேலை நடக்கும். 1998-இல் வந்த இந்த முறையை மாணவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நுண்ணோக்கியில் நீல நிறமெல்லாம் நம் பூஞ்சை என்று எண்ணிவிடக் கூடாது. பூஞ்சை இழையில் குறுக்குச் சுவர் அடுக்கடுக்காக இருந்தால் அது வேறு பூஞ்சை. செல்லுக்குள் மரம்போல் கிளைவிட்ட ஆர்பஸ்கூல் தெரிந்தால் ஐயமில்லை. பாஸ்பரஸ் கைமாறும் இடம் அதுவே. சில நாளில் அது சிதைந்து, புதியது உருவாகும். பதிலுக்குச் செடி சர்க்கரையும், 2017-இல் உறுதியானபடி, கொழுப்பும் தருகிறது.

மண்ணில் பாஸ்பரஸ் தாராளமாக இருந்தால் செடி இந்தச் செலவைச் செய்யாது. பூஞ்சையை அழைக்க வேர் விடும் ஸ்ட்ரைகோலாக்டோன் குறைந்துபோகும். சோளக்காட்டில் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களை முளைப்பதும் இதே பொருளை உணர்ந்துதான். பூஞ்சைக்கான அழைப்பே ஒட்டுண்ணிக்கும் வழி காட்டிவிடுகிறது. ஆகவே பாஸ்பரஸ் உரமான டிஏபி-யை அள்ளிப் போட்டுவிட்டு, "வேம் (இந்தப் பூஞ்சை கலந்த பொடி) போட்டும் பலனில்லை" என்றால் குறை பொடியில் இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கிக்கு அதைப் போடுவதும் வீண். கடுகுக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேராது. நீர் கட்டி நிற்கும் பிசானப் பருவ நெல்லிலும் தொற்று குறைவாகவே இருக்கும்.

பொடி வேரின் வழியில் கிடக்க வேண்டும். மேலே தூவினால் வெயிலில் வீணாகும். நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், மண்ணில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில், விதைக்குக் கீழே; பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம். பனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பனங்கொட்டை முளைக்கும்போது முளைக்குழல் ஆழத்துக்கு இறங்கி, அங்கேதான் கிழங்கு உருவாகிறது. வேர் பிரிவது கிழங்கின் அடியில். கொட்டையை ஒட்டி இட்ட பொடி வேரைத் தொடாமலே கிடக்கும். தேரியில் பனை விதைப்பவர்கள் ஓர் அடிக்கு மேல் குழி தோண்டி, அடியில் பொடியை இட்டு, மணலை நிரப்பிய பிறகு கொட்டையை வைக்க வேண்டும்.